தையல்காரர் சொன்ன தேதி

தையல்காரருக்குக் கடைத்தெருவில் 'நாளைக்கு' என்றுதான் பெயர். கால்சட்டை எப்போது கிடைக்கும்? நாளைக்கு. ஜிப் மாற்றக் கொடுத்த பை? அதுவும் நாளைக்கு. இருபத்தேழு வருடமாக, உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே இதைச் சொல்லி வந்தார். வந்தவர் படியிறங்கியதும், பொத்தான் வைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி நிஜத் தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதித் துணியில் குத்துவாள். கடை ஓடியது அவள் சீட்டில்தான்.

இன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். வெளிநாட்டிலிருக்கும் மகள் போனில், "எப்பப்பா எடுக்கறீங்க?" என்று கேட்டபோது அவர் வாய் தன்பாட்டுக்கு, "நாளைக்கு மத்தியானம்" என்றது. யாரிடமும் கேட்கவில்லை, எதையும் ஏற்பாடு செய்யவில்லை. அதை நம்பி மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு மச்சினனோடு, இறுதி ஏற்பாடுகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவளுக்குப் பின்னால் சாம்பல் நிறத் திரை. அதன் அடி மடிப்பு ஒரு சாண் பிரிந்திருந்தது. மெஷினில் ஓட்டியிருக்கக் கூடாது, கைத்தையல் போட்டிருக்க வேண்டும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தகனம்னா இன்னைக்கு நாலு மணி காலியா இருக்கு. இல்லேன்னா வெள்ளிக்கிழமைதான். அடக்கம்னா சனிக்கிழமை. நாளைக்கு எதுவுமே இல்லைங்க ஐயா."

"நாலு மணியே போடுங்கம்மா," என்றான் மச்சினன். "அக்காவை வச்சுக்கிட்டு எதுக்கு இழுக்கணும்?"

"பொண்ணு வரணும். நாளைக்குன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? அத்தான், இது பேன்ட்டுக்கு விளிம்பு மடிக்கிற சமாச்சாரமா, வாய்க்கு வந்த தேதியைச் சொல்றதுக்கு?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. மெஷின் ஊசி விரலில் ஏறும் முதல் நொடியில் வலியே தெரியாதே, அந்த நொடி காலையிலிருந்து நீண்டுகொண்டே இருந்தது. மச்சினன் படிவத்தை அவர் பக்கம் தள்ளினான். பேனாவையும் கையில் வைத்தான். நாலு மணி என்று போட்டிருந்த இடத்தை அவர் வெறித்துப் பார்த்தார். மகள் இந்நேரம் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பாள்.

"நாளைக்குன்னு சொல்லிட்டேன்," என்றார் மறுபடியும்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, முகம் பார்க்கறதும் தகனமும் ஒரே நாள்லதான் நடக்கணுமா என்ன? நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு மணி நேரம் பார்வை அறையைத் தர்றோம். பொண்ணு வந்து பார்க்கட்டும். அப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்க குளிர் அறையில இருக்கட்டும். நிறைய பேர் அப்படிச் செய்யறாங்க."

"மூணு நாள் அந்தக் குளிர்லயா?" மச்சினனின் குரல் உடைந்தது. "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வச்சாலே போர்வையைத் தேடுவாளே!"

அது அவருக்கும் தெரியும். பக்கத்தில் படுத்தவர் அவர்தான்.

"வெள்ளிக்கிழமை போடுங்க," என்றார். அந்த அம்மாள் படிவத்தில் திருத்தியதும் கையெழுத்துப் போட்டார். மச்சினன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

வெளியே போகத் தோன்றாமல், அங்கேயே உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். "நாளைக்கு ரெண்டு மணிக்குப் பார்க்கலாம்மா. நிஜமாத்தான், எழுதிக் கொடுத்துட்டாங்க. தகனம் வெள்ளிக்கிழமை."

அந்தப் பக்கம் விமான நிலைய அறிவிப்புகள் இரைந்துகொண்டிருந்தன. "அதுவரைக்கும் அம்மா எங்கப்பா இருப்பாங்க?"

"குளிர் அறையில."

"ரொம்பக் குளிருமா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "உள்ள எவ்வளவு இருக்கும்?" என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

"நாலு டிகிரிங்க ஐயா."

"நாலாம்," என்றார் மகளிடம்.