ரிசீவர் வாங்கப் போன சனிக்கிழமை

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு என் மகன் முதன்முதலாகக் கேட்டது ஒரு டிஷ் ஆன்டெனா.

"நம்ம மாடியில ஒரு டிஷ் போடலாமாம்மா?" என்று இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போடலாமே" என்று உடனே சொல்லிவிட்டேன். டிஷ் என்ன விலை, அதற்குக் கீழே எந்தப் பெட்டி வேண்டும், யார் வந்து மாட்டுவார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. விமானம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் அவன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறவில்லை. முடிவு வந்த நாளிதழில் அவனுடைய எண் இல்லை. "இன்னொரு பேப்பர்ல பாத்துட்டு வாரேன்" என்று எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பேருந்து நிலையத்துக்குப் போனவன் அப்படியே போய்விட்டான். ஒன்றரை மாதம் எங்கே இருந்தான் என்று தெரியாது. நான் சுந்தரபாண்டியத்தில் பள்ளி ஆசிரியை. என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். இரண்டு பேரும் விடுப்புப் போட்டுவிட்டு உறவினர் வீடு, நண்பன் வீடு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று அலைந்தோம். சில இடங்களில் எங்களைக் கூட்டிப்போய்ச் சிலவற்றைப் பார்க்கச் சொன்னார்கள். அதைப் பற்றி இப்போதும் என்னால் எழுத முடியவில்லை.

பிறகு ஒருநாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வந்து நின்றான். கறுத்துப் போயிருந்தான். போட்டிருந்த சட்டை அவனுடையது இல்லை.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "ஒண்ணும் கேக்காதீக. திட்டாதீக. பொறவு மறுபடியும் போயிருவான்."

நாங்கள் கேட்கவில்லை. எங்கே இருந்தாய், என்ன சாப்பிட்டாய், ஏன் போனாய், எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வீட்டில் மூன்று பேரும் விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டோம். "இன்னும் ஒரு தோசை வைக்கட்டுமா?" என்றால் "சரிம்மா." "வெளியே வெயிலாக இருக்கிறதே, அப்புறம் போகலாமே" என்றால் "சரிம்மா." முன்பெல்லாம் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற பையன். இரவில் எழுந்து போய் வாசலில் அவன் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன்.

அதனால்தான் டிஷ் விஷயத்தை நான் ஒரு பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். அவனாக ஒன்று கேட்டிருக்கிறான். அதைத் தவறாக வாங்கிவிடக் கூடாது.

எங்கள் தெருவுக்கு அப்போது கேபிள் இணைப்பு வரவில்லை. அடுத்த தெருவில் உரக்கடைக்காரர் வீட்டு மாடியில் மட்டும் பெரிய வலைத்தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அந்த வீட்டம்மா என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, தொலைக்காட்சிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்த ரிசீவர் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இதுல நூத்தி இருபது சேனல் இருக்கு டீச்சர். எங்க வீட்டுக்காரவுக கேட்டு வாங்குனாக."

"எல்லாம் தெரியுமா?"

அவர் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனார். எட்டு வரை படம் வந்தது. ஒன்பதிலிருந்து எறும்பு ஊர்வதுபோல வெள்ளைப் புள்ளிகள். நாற்பது வரை பொறுமையாகப் பார்த்தேன்.

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் இனிமேத்தான் வருமாம்" என்றார். துளியும் சந்தேகம் இல்லாத குரல்.

என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் மகாராஜபுரத்திலிருந்து வருவார். அவரிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியின்மேல் போட்டிருப்பது சேனல்களின் எண்ணிக்கை இல்லை, அவற்றை வைத்துக்கொள்ள எத்தனை அறைகள் இருக்கின்றன என்பதுதான் என்று விளக்கினார். நூற்றி இருபது அறை கொண்ட வீட்டில் எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்களாம். தன் மைத்துனர் வீட்டு ரிசீவரோடு வந்த விளக்கப் புத்தகத்தையும் வாங்கிவந்து கொடுத்தார்.

ஆங்கிலப் புத்தகம். எந்த நாட்டில் அச்சடித்தார்களோ, பக்கத்துக்குப் பத்துப் பிழை. கை சும்மா இருக்காமல் சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொண்டே படித்தேன். இரண்டு முறை படித்த பிறகு ஒன்று பிடிபட்டது. வானத்திலிருந்து வரும் சேனலில் படத்தை ஓர் இடத்தில் பிடிக்க வேண்டும். ஒலியைத் தனியாக வேறோர் இடத்தில் பிடிக்க வேண்டும். எல்லாச் சேனலுக்கும் ஒலி ஒரே இடத்தில் இருக்காது. சில ரிசீவர்களில் ஒலிக்கு இரண்டு மூன்று இடங்களை அவர்களே முடிவு செய்து வைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் ஒரு குமிழ் இருக்கும், நாமே திருகித் தேடிக்கொள்ளலாம். தமிழ்ச் சேனலின் ஒலி எந்த இடத்தில் வருமோ, நாளைக்கு மாற்றிவிடுவார்களோ, யாருக்குத் தெரியும்? வாங்கினால் குமிழ் வைத்ததுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். ஆனால் அவன் வேறொன்றைக் கேட்டால் அதைத்தான் வாங்க வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ராஜபாளையத்துக்குப் போனோம். கடைத்தெருவிலிருந்து திரும்பும் சந்தில் ஒரு பாய் ரேடியோ, டேப் ரிக்கார்டர் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே டிஷ் நின்றது.

"வாங்க டீச்சர்" என்றார்.

"டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"வெயில் அடிக்காத அன்னைக்கும் குடை. கடைக்குள்ள வந்ததும் எல்லாரையும் ஒரு எண்ணு எண்ணிப் பாத்தீங்கள்ல, அதான்."

மேசைமேல் இரண்டு ரிசீவர்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு. சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். ஒல்லியாக, வழவழவென்று, முகத்தில் பச்சை எழுத்து மின்னியது, ரிமோட்டும் உண்டு. இன்னொன்று சாம்பல் நிறத் தகரப் பெட்டி. சென்னையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. இரண்டு குமிழ்கள், ஒரு சுவிட்ச், ரிமோட் கிடையாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் யாரும் தொடாமல் வைத்திருக்கும் சாமானைப் போல இருந்தது.

என் மகன் கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். "பாய், இது மேல டிஷ்ல மாட்டுற எல்.என்.பி.க்கு எம்புட்டு வோல்ட் குடுக்கும்? வயரு நீளமாப் போனா தாங்குமா?"

"அடேயப்பா! தம்பி தொழில் தெரிஞ்ச ஆளா இருக்கீகளே. எங்க வேலை பாத்தீக?"

"மதுரையில. ஒரு கேபிள்காரர்ட்ட. மாடி மாடியா ஏறி வயர் இழுத்தேன்."

"பொறவு ஏன் விட்டுட்டீக?"

"சாப்பாடு ஒத்துக்கல."

ஒன்றரை மாதமாக நாங்கள் தேடியதையும், வந்த பிறகு கேட்கப் பயந்ததையும் அவர் விலைப்பட்டியலைத் தேடிக்கொண்டே கேட்டுவிட்டார். இவனும் நேற்று நடந்த கிரிக்கெட்டைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டான். மதுரை. மொட்டைமாடிகள். நாங்கள் மதுரையில் எத்தனை தெருக்களில் நடந்தோம்! அண்ணாந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பாய் இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டினார். கறுப்புப் பெட்டியில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் ஒரு சேனலில் ஆட்கள் வாயசைக்கிறார்கள், இரைச்சல் மட்டும் கேட்கிறது. "செத்த நேரத்துல வந்துரும்" என்றார் பாய். வரவில்லை. சாம்பல் பெட்டியை மாட்டிக் குமிழைத் திருகியதும் அதே சேனலில் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"கறுப்பையே எடுத்துக்கலாம்மா" என்றான் மகன்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அது வேண்டாம்" என்று வந்துவிட்டது.

"ஏன்?"

"அதுல ஒலியத் திருப்ப முடியாது. புத்தகத்துல போட்டிருக்கான். இப்ப நீயும் பாத்தேல்ல?"

"ஒரு சேனல்தான? போயிட்டுப் போகுது."

"அந்த ஒண்ணு தமிழ்ச் சேனலா இருந்தா?"

"ரிமோட் இல்லாத பொட்டிய எவன் வாங்குவான்? ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயித் திருகணும். உனக்கு என்னம்மா தெரியும்?"

உனக்கு என்னம்மா தெரியும்! அதை அவன் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், எனக்கும் பழைய சுருதி ஏறிவிட்டது.

"எனக்குத் தெரியாதுதான். நான் என்ன மதுரையில வயரா இழுத்தேன்?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் ரிமோட்டை மேசையில் மெதுவாக வைத்தான். திரும்பிப் பார்க்காமல் கடையைவிட்டு இறங்கிப் போனான்.

பாய் என்னைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, "போங்க டீச்சர், பின்னாலயே போங்க" என்றார். "பொட்டி எங்கயும் ஓடிராது."

பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை. பத்தடி தள்ளி நின்றேன். பேருந்து வந்தது. நெற்றியில் மதுரை என்று எழுதியிருந்தது. எங்கள் ஊருக்குப் போகும் பேருந்துகளில் பாதி அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம்மை இறக்கிவிட்டு மதுரைக்குப் போகும். வருடக்கணக்கில் அந்த எழுத்தைப் பார்த்து ஏறியவள்தான் நான். அன்றைக்கு அதை இரண்டு முறை படித்தேன்.

கூட்டம் அவனைப் பின்வாசலிலும் என்னை முன்வாசலிலும் ஏற்றியது. நடுவில் மூட்டைகளும் தலைகளும். அவனுடைய நீலச் சட்டைகூடத் தெரியவில்லை.

நடத்துநர் வந்ததும், "வில்லிபுத்தூர் ரெண்டு" என்றேன்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"என் மகன். பின்னால நிக்கான்."

"பின்னால எல்லாருக்கும் குடுத்தாச்சேம்மா."

"நீலச் சட்டை போட்டிருப்பான். அவன் எந்த ஊருக்கு எடுத்தான்?"

"நாப்பது பேரு நிக்கான். நான் என்ன ஜாதகமா பாத்தேன்?" என்று என்னிடம் இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அந்த அரைமணி நேரம் நான் என்னென்ன நினைத்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. அவனாகச் சீட்டு வாங்கியிருக்கிறான். எங்கே? கையில் பணம் எவ்வளவு வைத்திருக்கிறான்? நடத்துநரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லலாமா? அவனோடு மதுரை வரைக்கும் போய்விடலாமா? மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் "மயக்கமா வருதா?" என்று கேட்டு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள். பின்வாசலில் யார் யாரோ இறங்கினார்கள். நீலச் சட்டை இல்லை. விசில் ஊதினார்கள். பேருந்து என்னைத் தாண்டி நகர்ந்தது. நான் அதன் தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டே நாலு எட்டு ஓடினேன்.

"ஏம்மா, எங்க ஓடுற?"

பேருந்து நின்ற இடத்துக்குப் பின்னால், ஒரு கிழவருடைய வாழைத்தார் மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. கையில் இரண்டு பேருந்துச் சீட்டுகள்.

"உனக்கும் சேத்து எடுத்துட்டேன். நீயும் எடுத்துத் தொலைச்சிருப்பியே?"

நான் கையை விரித்து என்னுடைய இரண்டு சீட்டுகளையும் காட்டினேன். "இத வச்சு இன்னொரு தடவை போயிட்டு வரலாம்னா அவன் விடவா போறான்" என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, முன்னால் நடந்தபடியே, "அந்தக் கறுப்புப் பொட்டிக்குள்ள ஒரு சின்னத் திருகாணி இருக்கும். மூடியக் கழட்டி அதத் திருகுனா ஆடியோ மாறும். மதுரையில நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றான்.

"புதுப் பொட்டியக் கழட்டவா? கெட்டுப்போனா யாரு பாக்கிறது?"

"நான் பாப்பேன்."

"நீ பாத்த லட்சணம்தான் வீட்டு மிக்ஸியில தெரியுதே."

"அது மோட்டாரே போச்சும்மா! அதுக்கு நான் என்ன செய்ய?"

பஜார் முழுக்க நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். எனக்கு நன்றாக மூச்சு வந்தது. வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த என் கணவர் கதவைத் திறந்து, "பொட்டி எங்க?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கறுப்புதான் பிடிக்கும்" என்றார். பெட்டியை அவர் பார்த்தது கூட இல்லை.

அதன் பிறகும் ரிசீவர் வாங்க நாங்கள் அவசரப்படவில்லை. கறுப்பா சாம்பலா என்று தினமும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆரம்பிப்போம். பேச்சோடு பேச்சாக மதுரையில் அந்த முதலாளி எப்படிப்பட்டவர், எந்த மாடியில் படுத்துக்கொண்டான், மழை வந்தால் என்ன செய்தான் என்று ஒவ்வொன்றாக அவனே சொன்னான். செப்டம்பரில் மறுபடி பரீட்சை எழுதுவதாகவும், டிஷ் வந்தால் படம் பார்த்துக்கொண்டே படிப்பதாகவும் சொன்னான். அது நடக்காது என்று நான் சொன்னேன். நடக்கும் என்று அவன் சொன்னான்.