நான் போட்ட அம்மாவின் கையெழுத்து

நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் கலை, அம்மாவின் கையெழுத்தைப் போடுவது. நான்காம் வகுப்பில் எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தை மாதாமாதம் நானே நிரப்பிக்கொள்வேன். அம்மா ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். மாலையானால் சங்க வேலை. கார்டு எங்கே என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. நானும் நினைவூட்டி அவளைத் தொந்தரவு செய்ததில்லை.

அந்தக் கையெழுத்தை நான் பழகியது அவளுடைய அலுவலகத்தில்தான். காலையில் போனதும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். நேரம் தாண்டிவிட்டால் கண்காணிப்பாளர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவார். அந்தச் சிவப்புக் கோட்டை முந்துவதற்காகவே எங்கள் வீட்டில் தினமும் காலை ஓட்டப்பந்தயம் நடக்கும். லீவு நாட்களில் அம்மாவோடு போய், அவள் கை அந்தக் கட்டத்துக்குள் வளைந்து நிற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வூதியத்தைக் குறைத்துவிட்டார்கள், சலுகைகளைப் பறித்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஆசிரியர்களும் இறங்கிவிட்டதால் பள்ளிக்கூடம் கிடையாது. போராட்டம் நீண்டகாலம் வாழவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அம்மாவின் அலுவலகத்தில் பதினோரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே தூறலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த டைப்பிஸ்ட் அத்தைக்கு அவர்களில் குரல் அதிகம். கோஷத்தை அவர்தான் எடுத்துக்கொடுப்பார். சங்கக் கிளைக்கு அடுத்த செயலாளர் என் அம்மாதான் என்றும், பொம்பளை செயலாளர் எங்கள் ஊரில் இதுவே முதல் தடவை என்றும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அம்மா, "சும்மா இருங்கக்கா" என்பாள். ஆனால் முகம் மலர்ந்திருக்கும்.

ஒரு நாள் காலை ரேடியோவில், அன்று மாலைக்குள் வேலைக்குத் திரும்பிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர்களுக்கு வேலை போய்விடும் என்று சொன்னார்கள். அப்பா கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அன்று வேலைக்குக் கிளம்பாமல் அம்மாவின் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு கையெழுத்து புள்ள. போட்டுட்டு ஊட்டுக்கு வந்துரு. வேல போச்சுன்னா குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

"பத்துப் பேரு மழையில நிக்கையில நா மட்டும் எப்படீங்க உள்ள போறது?"

அப்பா உப்புமாவைத் தொடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸை விட்டால் நாங்கள் எங்கே போவோம்? அதைவிட, இத்தனை பெரிய ஆபத்து ஒரே ஒரு கையெழுத்தில் தீர்ந்துவிடும் என்றால் இந்த அம்மா ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள்? அதுவும் அந்தக் கையெழுத்து எனக்கே தண்ணீர் பட்ட பாடாக இருக்கும்போது!

மத்தியானம் ஃப்ளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பாத்ரூம் வருகிறது என்றேன். அவர்கள் யாரும் உள்ளே போகக்கூடாது, நான் போகலாம். "ஓடிப் போயிட்டு வா சாமி" என்று அம்மாவே அனுப்பிவைத்தாள். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மேலதிகாரியான அலுவலர் தன் அறையில் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளரின் மேஜையில் பதிவேடு விரித்தபடி இருந்தது. பதினோரு பெயருக்கும் எதிரே அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்திலேயே பேனாவும் இருந்தது. ரேங்க் கார்டில்கூட அத்தனை அழகாக நான் போட்டதில்லை.

அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றியவள் நான் அல்லவா!

மறுநாள் காலை அலுவலரே கேட் வரைக்கும் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் அம்மாவைப் பார்த்து, "நல்ல முடிவும்மா. நீங்க ஒருத்தராவது கையெழுத்துப் போட்டீங்களே. ஏன் இன்னும் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார்.

கோஷம் நின்றுவிட்டது. டைப்பிஸ்ட் அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அம்மா நேராக உள்ளே போனாள். டீ ஃப்ளாஸ்க்கோடு வந்திருந்த நானும் பின்னாலேயே ஓடினேன். மற்றவர்கள் ஜன்னலண்டை வந்து நின்றார்கள். அம்மா பதிவேட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க சார் போட்டேன்" என்றாள். "இப்ப நானே அடிச்சர்றேன்."

சிவப்பு மைப் பேனாவை எடுத்து என் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மேலே 'வேலைநிறுத்தம்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். யோசித்துச் செய்யும்படி அலுவலர் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்கு வெளியே யாரும் அவளிடம் பேசவில்லை. நான் ஊற்றிக்கொடுத்த டீயை அத்தை வாங்கவில்லை. "கருங்காலி ஊட்டு டீ எனக்கு வேண்டாம்" என்றார். கருங்காலி என்றால் ஒரு மரம் என்றுதான் அன்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் பதினோரு பேருக்கும் வேலைநீக்க உத்தரவு வந்தது. நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோத்தகிரியில் அப்பாவின் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குப் போனோம். வழக்கு, மனு என்று பல மாதம் அலைந்து, கடைசியில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கிளைக்கு வேறொருவர் செயலாளரானார். அம்மா கடைசிவரை எல்லா ஊர்வலத்துக்கும் போனாள், கொடி பிடித்தாள், நோட்டீஸ் ஒட்டினாள். எந்தப் பொறுப்புக்கும் அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.

போன வருடம் அம்மாவின் பணிநிறைவு விழாவுக்கு டைப்பிஸ்ட் அத்தையும் வந்திருந்தார். வயதாகிவிட்டாலும் குரல் குறையவில்லை. "ஒரே ஒரு நாள் பயந்துட்டாங்க. அதுக்கென்னங்க, பயம் ஆருக்குத்தான் இல்ல? மறுநாளே எங்களோட வந்து நின்னுட்டாங்கல்ல" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மகள் போட்டது என்று அன்று அவள் சொல்லியிருந்தால் விசாரணை என்னிடம் வந்திருக்கும். தோழர்களிடமாவது ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்துப் பேர் காதுக்குப் போன ரகசியம் அலுவலர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? இதையெல்லாம் நான் யோசித்துப் பார்ப்பதற்கே வருடங்கள் ஆயின.

அம்மா சிவப்புக் கோடு இழுத்த அன்று சாயங்காலம், அடி விழும் என்று மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பையிலிருந்து ரேங்க் கார்டை எடுத்து வரச் சொன்னாள். நான் போட்ட ஒவ்வொரு கையெழுத்தின் பக்கத்திலும் பொறுமையாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"இனிமே எங்கிட்டயே கொண்டா கண்ணு. எத்தன மார்க்கா இருந்தாலும் நானே போடறேன்" என்றாள்.

அவ்வளவுதான். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சின்ன தண்டனையா என்று எனக்கு ஒரே சந்தோஷம். தண்டனையை அவள் வாங்கிக்கொண்டு வந்திருந்தது தெரியாமல், இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டேன்.