ஜிங்க் கலந்த தீவனம்

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆராய்ச்சிக்கான எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் சீனியர் டெக்னீஷியனாக இருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அனுபவத்தைத்தான்.

ஒரு சமயம் எங்களிடம் ஜீன் மாற்றப்பட்ட சுண்டெலிகள் வந்திருந்தன. மற்ற எலிகளோடு சேராது. மூலையில் உட்கார்ந்து, தோல் புண்ணாகும்வரை தன் உடம்பையே நக்கிக்கொண்டிருக்கும். ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ள இவை உதவும் என்றார் பேராசிரியர் கலைச்செல்வி மேடம். பாதிக் கூண்டுகளுக்குச் சாதாரணத் தீவனம், மீதிக்கு ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, கூட்டிய தீவனம். அதை வைப்பது என் வேலை.

என் மகன் கதிருக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சில வாரம் கழித்து, ஜிங்க் தின்ற எலி ஒன்று, பக்கத்தில் விட்ட புது எலியிடம் தானாகப் போய் மோந்து பார்த்தது. மேடத்திடம் நேராகவே கேட்டேன்.

"மேடம், இதே ஜிங்க்க எம் புள்ளைக்கும் குடுக்கலாமாங்க?"

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை உட்கார வைத்தார்.

"இதுங்களுக்கு எந்த ஜீன்ல கோளாறுன்னு நமக்குத் தெரியும் வள்ளி. கதிருக்கு என்னன்னு தெரியாது. ஜிங்க் ஜாஸ்தியானா ஒடம்புல தாமிரச் சத்து கம்மியாயிடும், ரத்தம் கொறையும். எலிய பாத்துட்டு புள்ளைக்குக் குடுக்காதம்மா."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதாங்க?"

"அப்படிச் சொல்லல. மொதல்ல அவன் ரத்தத்துல ஜிங்க் எவ்ளோ இருக்குன்னு பாப்போம். கூட்டிட்டு வா."

பார்த்தார்கள். சரியான அளவில் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸிலேயே அழுதேன். கம்மியாக இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

மறுநாள் மேடம் என் ஷிப்டை மதியத்துக்கு மாற்றிவிட்டார். "காலைல அவன தெரபிக்குக் கூட்டிட்டுப் போ. இப்ப நம்ம கையில இருக்கறது அதுதான்" என்றார்.

வேங்கிக்காலில் ஒரு பயிற்சி மையம். தனக்கு வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கக் கதிரைப் பழக்கினார்கள். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பௌர்ணமியன்று, அடி அண்ணாமலையில் என் கணவர் நடத்தும் டீக்கடையில் நல்ல கிரிவலக் கூட்டம். கதிர் வந்து அவன் அப்பா கையில் தண்ணீர்ப் படத்தை வைத்தான். அவர் டீ ஆற்றுவதை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தான். உடனே அதே படத்தை மறுபடி கொண்டுவந்தான். தாகத்துக்கு இல்லை. கேட்டால் கிடைக்கிறதா என்று பார்த்தான்.

ஜிங்க் தின்ற எலிகளில் பலவும் தேறின. கதிரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. இந்த வேலையில் இருந்தால் உங்களிடமும் ஒரு நாள் ஒரு தாயோ தகப்பனோ வந்து கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு அவர்களை அனுப்பிவிடாதீர்கள். மேடம் என்னை அனுப்பவில்லை.