சூடு என்று சொன்னேன்

என் தங்கைக்கு வந்தது சூடு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "சூடு" என்று சொன்னேன்.

இதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன். நாளை தெருவில் எதிரே வந்தாலும் உங்களுக்கு என்னைத் தெரியாது... அந்தத் தைரியம்தான்!

மதுரைக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. நீர் எரிச்சலோடு போனால் சூடு. வெள்ளைபட்டாலும், அடிவயிறு இழுத்துப் பிடித்தாலும் அதுவேதான். வெள்ளிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளித்து, வெந்தயம் ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் தீர்ந்தது கதை. எவ்வளவு வசதியான சொல்! வெளியில் சொல்லக் கூசுகிற எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

நானும் தங்கை சுமதியும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வண்டியூரில் ஒரே வீடு. மாடியில் நாங்கள், கீழே அவர்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு வேன் ஓட்டினார்கள், ஊர் ஊராகக் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். திரும்பும்போது எங்களுக்குத் திருநீறும் பிரசாதமும் வரும். கூடவே வேறு என்ன வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்தது எனக்கு. எரிச்சல், வெள்ளைபடுதல், விட்டுவிட்டுக் காய்ச்சல். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் தனியாகப் போனேன். அவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். உடலுறவில் பரவுகிற தொற்று, மருந்தில் சரியாகிவிடும், ஆனால் வீட்டுக்காரரும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"வலி வந்தாத்தான் டெஸ்ட்டுன்னு நெனைக்காதீங்கம்மா. பொம்பளைங்களுக்குப் பல நேரம் வெளிய தெரியவே தெரியாது. புருஷனுக்கு இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே பொண்டாட்டியும் எடுத்துரணும். விட்டா கருக்குழாயவே அடைச்சுரும்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார், மறுப்பார், என் மேலேயே பழி போடுவார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

"எனக்குத் தீபாவளிக்கு முன்னாடியே ஊசி போட்டாச்சு. ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க... எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டாராம்! தனக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டு, வாராவாரம் நான் எண்ணெய் வைத்துக் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை சீயக்காய்க் கிண்ணத்தைக் குளியலறை வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார்!

வேறொருத்தியிடம் போனதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்தச் சீயக்காயை மன்னிக்க முடியவில்லை. இன்னமும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன் பாருங்கள்... பழக்க தோஷம்.

தம்பிக்கும் இருக்குமா என்று கேட்டேன். இருவரும் சேர்ந்துதான் போனார்களாம். டெஸ்ட் எடு என்று இவர் சொன்னதற்கு, எனக்கு ஒன்றும் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனானாம்.

ஆக, எனக்குத் தெரியும்.

நான் மருந்து சாப்பிட்டுத் தேறிய பிறகு ஒருநாள் சுமதி மாடி ஏறி வந்தாள். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது, வெள்ளைபடுகிறது என்றாள். "டாக்டர்ட்டப் போகவாக்கா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இன்றே போ, அவனையும் இழுத்துக்கொண்டு போ! ஏன் சொல்லவில்லை? குடும்பம் உடையும், என் மானமும் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். சுமதி ஓயாமல் தன் புருஷன் புராணம் பாடுவாள். அவர் பச்சைப்புள்ள, சூதுவாது தெரியாது என்பாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டும்தானா... ஆமாம், அப்படியும் நினைத்தேன். கூடப்பிறந்தவளைப் பார்த்து நினைத்தேன்!

"சூடுதான்டி. வெந்தயத் தண்ணி குடி."

குடித்தாள். வலியும் தானாகவே அடங்கிப்போனது. அக்கா கைராசிக்காரி என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

அதன் பிறகு அவளுக்குக் குழந்தை உண்டாகவே இல்லை. விரதம் இருந்தாள், ஊர்ப்பேச்சு கேட்டாள். கடைசியில் சோதித்துப் பார்த்ததில் கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருந்தன. முன்பு ஏதாவது கிருமித் தொற்று வந்ததா என்று மருத்துவர் கேட்டார். கொழுந்தன் மின்விசிறியைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லங்க டாக்டர். ஒருதடவ சூடு பிடிச்சுச்சு, அம்புட்டுத்தான். எங்கக்கா வைத்தியத்துலயே சரியாப் போச்சு" என்றாள் சுமதி.

அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை.

எனக்கு ஒரு மகன். காலத்தில் மருந்து சாப்பிட்டதால் கிடைத்தவன். அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் சுமதிதான். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு புருஷனும் ஒரு அக்காவும், அந்த இரண்டும் போய்விடும். இதுவும் நான் கண்டுபிடித்த சமாதானம்தானோ?

போன வாரம் எனக்கு வாயெல்லாம் புண். சுமதி ஒரு டம்ளரோடு மாடி ஏறி வந்தாள்.

"சூடுக்கா. நீ சொல்லிக் குடுத்த வெந்தயத் தண்ணிதான், குடி."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் கீழே இறங்கிப் போனாள்.