கறார் சாரின் அக்கா

சுற்றுலாக் கம்பெனியில் அவருக்குக் கறார் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அது முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. பயணிகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மலை உச்சியிலிருக்கும் அந்தப் பழைய ராஜாக்களின் நகரத்துக்கு முப்பது முப்பது பேராக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சுற்றிக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை.

காற்று மெலிந்த உயரம் அது. போய் இறங்கியதும் துள்ளிக் குதிப்பவன் மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டான். அதனால் தினமும் காலையில், டிபனுக்கு முன்பு, ஓட்டல் வரவேற்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டர் கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவார். எண்பத்தைந்து இருந்தால் சந்தோஷம். எண்பதுக்குக் கீழே போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அன்றைக்கே கார் வைத்து மலையை விட்டு இறக்கிவிடுவார்.

அழுதாலும் அவரிடம் நடக்காது, அதட்டினாலும் நடக்காது. கல்யாணமாகி ஒரு வாரமே ஆன மாப்பிள்ளையை அனுப்பியிருக்கிறார். பெண்ணும் மூக்கைச் சிந்திக்கொண்டே கூட இறங்கினாள். "நான் யாருன்னு தெரியுமா?" என்று எகிறிய ஒரு பெரிய அதிகாரியிடம், "தெரியும் சார், எழுபத்தெட்டு" என்று சொல்லி கார்க் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதை ஆபீஸில் இன்னும் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் அவரோடு போன ஒரு உயிருக்கும் ஆபத்து வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே?

அந்தக் கிளிப்பில் ஒரு கோளாறு. விரல் சில்லிட்டிருந்தால் இல்லாத குறையைக் காட்டும். ஆகவே எண் குறைந்தால் கையைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்ப்பார். ஒரே ஒரு தடவைதான். அப்போது என்ன வருகிறதோ அதை எழுதுவார். அது அவரே போட்ட சட்டம்.

இந்த முறை பஸ்ஸில் அவருடைய அக்காவும் இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்தே காலத்தைத் தள்ளியவள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தம்பி அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்து அந்த நகரத்தைப் பற்றி அளப்பார். அரண்மனைக்கு இருநூற்றுப் பத்துப் படி, மேல்மாடத்தில் ஆறு ஜன்னல், அங்கே நின்றால் மதிலும் சந்துகளும் கூரைகளுமாக மொத்த ஊரும் காலடியில் கிடக்கும் என்பார். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டவள், போன தடவை சொன்னதற்கு மாற்றிச் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவாள். "கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே எனக்கு முடி நரைச்சுப் போச்சுடா" என்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், பூட்டு ரிப்பேர் செய்யும் கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. இரண்டாம் நாள் மாலை அக்கா இருமினாள். தூசி என்றாள். தம்பியும் தூசி என்றே வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, அரண்மனைக்குப் போகவேண்டிய நாள், கிளிப் எழுபத்தொன்று காட்டியது.

"என்னடா, பாஸா ஃபெயிலா?" என்றாள். சிரிக்க முயன்றபோது மூச்சு இழுத்தது.

"கை ஐஸ் மாதிரி இருக்கு அக்கா. இரு."

தேய்த்தார். எழுபத்துமூன்று. சட்டப்படி அதோடு முடிந்தது. அவர் விரலை மாற்றினார். எழுபத்தைந்து. கையைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு அணைத்து வைத்துக்கொண்டார். எழுபத்தேழு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இறக்கி விட்டுடாதடா" என்றாள் அக்கா மெல்ல. "அந்த ஜன்னலை மட்டும் பார்த்துடறேன். அப்புறம் எங்க வேணாலும் அனுப்பு."

வெந்நீர் வரவழைத்து அவள் விரல்களை முக்கி வைத்தார். ஆழமாக மூச்சு விடச் சொன்னார். ஐந்தாவது தடவை, ஒரே ஒரு கணம், எண்பத்து நான்கு என்று மின்னியது. அடுத்த எண் வருவதற்குள் கிளிப்பைக் கழற்றி நோட்டில் 84 என்று எழுதினார். ஊருக்கெல்லாம் கறாராக இருந்த மனுஷன் சொந்த அக்காவிடம் வந்து சறுக்கினார். அந்த நேரத்தில் அது அவருக்குச் சறுக்கலாகவே படவில்லை, மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

படிகளில் பத்துக்கு ஒரு முறை உட்கார வைத்தார். ஆனாலும் அவள் ஏறிவிட்டாள். மேல்மாடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகக் கையை நீட்டி எண்ணினாள்.

"ஏழுடா. இத்தனை வருஷமா ஆறுன்னு என்னை ஏமாத்தியிருக்க."

அதைச் சொன்ன வாயிலிருந்து இருமல் கிளம்பியது, நிற்கவில்லை. கைக்குட்டையில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அரண்மனைக் காவலாளிகள் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கினார்கள். பஸ்ஸிலிருந்த ஆக்சிஜனை முகத்தில் வைத்தபோதே உதடு நீலம் பாரித்திருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரி சின்னது. நடையில் கிடந்த பெஞ்சில் அத்தானும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணும் ஆகாது மச்சான். நீ கூட இருக்கும்போது அவளுக்கு என்ன?" என்று அத்தான் அவர் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "காப்பாத்த முடியல" என்றாள். அத்தான் சத்தம் போட்டு அழவில்லை. தோளில் போட்ட கை மட்டும் இறுகியது. கொஞ்ச நேரம் விட்டு, டாக்டரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்துத் தயங்கியபடி கேட்டாள்.

"இதுல எழுதணும். காலையில ஆக்சிஜன் எவ்வளவு இருந்துச்சு? யாராவது பார்த்தீங்களா?"

"பார்த்தோமேம்மா" என்று அத்தான் முந்திக்கொண்டார். தன் மச்சான்மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற பதற்றம் அவருக்கு. "எண்பத்து நாலு. என் மச்சான்தான் பார்த்தாரு. மத்தவங்களுக்கு ஒரு தடவை, அவளுக்கு மட்டும் அஞ்சு தடவை பார்த்தாரு. வெந்நீரெல்லாம் வச்சு."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினாள். அவள் பார்வை கறார் சார்மேல் வந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முதல் தடவை எழுபத்தொண்ணு" என்றார் அவர்.

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுபத்தொண்ணுன்னா கம்மியா மச்சான்?"

"கீழே அனுப்பியிருக்கணும் அத்தான்."

"அப்போ ஏன் அனுப்பல?" அதில் கோபமே இல்லை. விவரம் தெரியாதவர் விவரம் தெரிந்தவரிடம் கேட்டார்.

அக்காதான் கெஞ்சினாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே கிடப்பவள் தலையில் அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

"நல்ல நம்பர் வர்ற வரைக்கும் தேய்ச்சேன் அத்தான்."

தோளில் இருந்த கையை அத்தான் எடுத்துக்கொண்டார்.