தம்பி மெருகேற்றிய துப்பாக்கி

நான்கு வருடம் என் பெயரில் ஒரு துப்பாக்கி இருந்தது. வாய் வழியாக வெடிமருந்தையும் ரவையையும் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. தென்னேரியில் எங்களுக்கிருந்த மூன்று ஏக்கரில் வேர்க்கடலையைத் தோண்டித் தின்ன வரும் பன்றிகளை விரட்டுவதற்காக அப்பா உரிமம் வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் அது காவல் நிலையத்துக்குப் போனது. உரிமத்தை என் பெயருக்கு மாற்ற நான் அலைந்த இரண்டு வருடமும் அங்கேயே ஒரு மூலையில் நின்றது. எண்ணெய் போட அங்கே யாருக்கு நேரம்? கைக்கு வந்தபோது குழல் முழுக்கத் துரு. மரக்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். துப்பாக்கிக் குதிரையைப் பின்னால் இழுத்தும் அசையவே இல்லை.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். திருகாணி முடுக்கக்கூடத் தெரியாதவன். பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"இத்த இப்படியே வுட்டா பாவம்ணா" என்றான் தம்பி.

அவனுக்குப் பட்டுத் தறிகளில் புடவைக்கு டிசைன் விழவைக்கும் ஜக்காடு பெட்டியைப் பழுது பார்க்கும் தொழில். ஊரில் எந்தத் தெருவில் புடவையில் ஜரிகை வேலைப்பாடு சரியாக விழாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது அவன் மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. புற்றுநோய். ஒரே மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். அவன் தனியாகச் சமைத்துக்கொண்டு, பாதி நாள் சமைக்காமலும், மெலிந்துகொண்டே வந்தான்.

உரிமம் என்னுடையது என்பதால் நான் இல்லாமல் துப்பாக்கி என் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வந்தான். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துத் துப்பாக்கியைக் கழற்றுவான். முதல் மாதம் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதுதான் வேலை. பிறகு கம்பி முனையில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு விட்டு எடுத்தான். செங்கல் பொடி மாதிரித் துரு வந்துகொண்டே இருந்தது. சில ஞாயிறுகள் பத்து வார்த்தைகூடப் பேசமாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மதியம் என் மனைவி போடும் சாப்பாட்டை மட்டும் தட்டில் மிச்சம் வைக்காமல் தின்பான்.

குதிரையை அடிக்கவைக்கும் வில் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அதற்காக இரண்டு பேரும் துப்பாக்கியையும் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு சென்னையில் துப்பாக்கிக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் வேறு வில் போட்டுக் கொடுத்தார். தம்பி குனிந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும் பஸ்ஸில், மனைவி போன பிறகு முதல்முறையாகச் சிரித்துப் பேசினான்.

"அந்தாளு கை நடுங்குது பாத்தியா? நான் போட்டா இன்னும் சுத்தமா போடுவேன்."

மூன்றாவது வருடம் கட்டையின் விரிசலை அடைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசித் தேய்த்தான். பழுப்பு மரத்துக்குள் கறுப்பு ரேகைகள் தெளிந்து வந்தன. குழல் கருநீலமாக மின்னியது. குதிரையை இழுத்து விட்டால் 'டக்' என்று ஒரே சத்தம். நாங்கள் அதை ஒருமுறைகூட வெடித்ததில்லை. மருந்தே வாங்கியதில்லை.

வேலை முடிந்துவிட்டதுதான் என் பயத்துக்குத் தொடக்கம். தேய்க்க ஒன்றும் இல்லாமல் அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார ஆரம்பித்தான். ஒரு ஞாயிறு திடீரென்று சொன்னான்:

"கொஞ்சம் மருந்து வாங்கேண்ணா. ஒரு தடவ வெடிச்சுப் பாக்கலாம்."

"எதுக்குப்பா? எங்க போய் வெடிக்கறது?"

"சும்மாதான்." கொஞ்ச நேரம் கழித்து, "பீரோ சாவி ஒண்ணு என்கிட்டயும் இருக்கட்டுமே" என்றான்.

அந்த வாரமே இன்னொன்று காதில் விழுந்தது. முப்பது வருடமாகச் சேர்த்த கருவிகளையெல்லாம் அவன் வேறொரு ஜக்காடு மேஸ்திரிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டானாம்.

மருத்துவமனையில் வேலை பார்த்தவன் நான். அவசரப் பிரிவு வாசலில் தரையில் உட்கார்ந்து அழுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டாரு சார், நாங்கதான் புரிஞ்சிக்கல" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருவரிடம் சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் கெடுதல் வராது என்று எங்கள் டாக்டரம்மா ஒருவர் சொல்லித் தந்திருக்கிறார். எல்லாம் தெரியும். ஆனாலும் சொந்தத் தம்பியிடம் எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். இனி உரிமம் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க, ஏன் சார் குடுத்துடறீங்க?"

"வயசாயிடுச்சு" என்றேன்.

அடுத்த ஞாயிறு தம்பி வழக்கம்போல வந்தான். வேட்டியை விரித்துவிட்டு என்னைப் பார்த்தான். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். 

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்லப்பா. பயமா இருந்துச்சு."

"என்னா பயம்?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது.

"அப்படி நெனச்சிருந்தா எனக்கு வேற வழியா இல்ல? ஞாயித்துக்கெழம இங்க வரணும்னுதாண்ணா மீதி ஆறு நாளும் எழுந்துக்கினு இருந்தேன்."

விரித்த வேட்டியை நாலாக மடித்துப் படியில் வைத்தான். என் மனைவி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழாதவன்போலப் போய்விட்டான்.

அன்று மாலையே அவன் மகளுக்கு போன் செய்து நான் பயந்ததையெல்லாம் சொன்னேன். அவனிடம் சொல்ல முடியாததை அவளிடம் ஒரு மூச்சில் சொல்ல முடிந்தது. மறுநாள் அவள் வந்து, ஒரு வாரம் கூட இருந்து, அவனைப் பெங்களூருக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு மனநல மருத்துவரிடமும் காட்டினாள். மாத்திரை சாப்பிடுகிறான், தூக்கம் வருகிறது என்றாள். டாக்டரிடம் அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரிக்கப் போனேன். ஒப்படைத்ததை ஆயுதக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று, அங்கே அழித்திருப்பார்கள் என்றார்கள். அவனுக்கு அதை நான் சொல்லவில்லை.

போன வருடம் மாகறலில் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் அவன் எனக்கு எதிர்வரிசை. உடம்பு தேறியிருந்தான். "சுகர் எப்படி இருக்குது?" என்று கேட்டான். "பரவால்ல" என்றேன். அதற்குமேல் அவன் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான். நான் செய்ததாலா, மகள் வந்ததாலா, இல்லை ஆபத்தே இல்லாத இடத்தில் நான்தான் ஆபத்தைப் பார்த்தேனா, தெரியாது. ஞாயிறு காலையில் மகளைத்தான் போனில் கூப்பிடுகிறேன். "அப்பா தூங்கினு இருக்காரு பெரியப்பா" என்கிறாள். பின்னால் டிவியில் செய்தி ஓடுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அவன் குரலும் கேட்கிறது.