ஐம்பத்து நாலு ஓட்டு

வேட்புமனுத் தாக்கல் முடிந்த மறுநாள் காலை. வாக்காளர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார் ஏழுமலை.

எதிர்வீட்டுக்காரர். வரிசையாகப் பதினெட்டு ரூம் கட்டி, ரூமுக்கு மூன்று பேர் என்று கம்பெனித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். இப்போது பஞ்சாயத்து வார்டு உறுப்பினர் வேட்பாளர்!

"இன்னா சார் இது... நம்ம ரூம் ஆளுங்க பேர் ஒண்ணு கூட காணோம்?"

இருக்காது என்றேன்.

"அல்லார்கிட்டயும் ஆதார் கீது சார். அத்த காட்னா குத்த வுட மாட்டானா?"

விட மாட்டார்கள். நீங்கள் யார் என்பதைத்தான் ஆதார் சொல்லும். நீங்கள் இந்த ஊர் வாக்காளரா என்பதைப் பட்டியல்தான் சொல்ல வேண்டும். அதில் பேர் இல்லையென்றால் பத்து கார்டு காட்டினாலும் சீட்டு கிடைக்காது. தேர்தலில் நிற்கிற மனிதருக்கே இதைப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது... தலையெழுத்து.

சரி, பேர் ஏன் இல்லை?

இந்தத் தெருவுக்கு ஃபார்ம், மனு எழுதிக் கொடுப்பவன் நான். இரண்டு வருஷம் முன்பு அவர் ரூமிலிருந்து இசக்கி என்னிடம் வந்தான். தென்காசிப் பக்கம். கார் சீட் தைக்கிற கம்பெனியில் வேலை. வயது இருபத்தேழு — ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டு சொந்த ஊரில்; தேர்தலென்றால் ஊர் பஸ்ஸில் இடம் இருக்காது, இடம் இருந்தால் லீவு இருக்காது.

"இங்கதான சார் கெடக்கோம். ரூம் வாசல்ல சாக்கடை ஓடுது. இங்க ஓட்டு இருந்தாத்தான கேக்க முடியும்?"

நியாயம்தானே? முகவரி மாற்றும் ஃபார்மை எடுத்துக் கொடுத்தேன். கூடவே வைக்க வீட்டுக்காரரின் கரண்ட் பில் நகல் வேண்டும். ஏழுமலை யாருக்கும் தரவில்லை.

"ஓட்டு இங்க வந்துட்சின்னா, நாளைக்கு வூடே என்துன்னு கேஸ் போடுவானுங்க. வோணாம் சார்."

வாக்காளர் அட்டையைக் காட்டி எவனாவது வீட்டைப் பிடுங்கியிருக்கிறானா? ஆனாலும் ஒரகடம் சாலை நெடுக ஓனர்களுக்கு இந்தப் பயம். இசக்கி ஃபார்மை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு என்று நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஷிப்ட் பஸ்கள் பிதுங்குகின்றன. பட்டியலைப் பார்த்தால் அந்த பஸ்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. வாடகை கொடுக்க இருக்கிறார்கள், ஓ.டி. பார்க்க இருக்கிறார்கள். சாக்கடையைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. எவ்வளவு வசதி!

"இப்ப சேத்துக்க முடியாதா சார்?"

முடியாது. இந்தத் தேர்தலுக்குப் பட்டியலை மூடியாகிவிட்டது.

ஒன்பது ஓட்டில் தோற்றார் ஏழுமலை. நாலு சீட்டில் இரண்டு சின்னத்துக்கு நடுவே முத்திரை விழுந்து செல்லாமல் போய்விட்டதாம் — தெருவெல்லாம் அதையே சொல்லிப் புலம்பினார். ஐம்பத்து நாலு பேரைத் தானே செல்லாமல் ஆக்கியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

போன வாரம் கரண்ட் பில் நகலை அவரே ரூம் ரூமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "ஓட்ட இங்க மாத்திக்கோங்கபா. அடுத்த வாட்டி நம்மள மறந்துடாதீங்க."

நகலோடு இசக்கி வந்தான். உட்கார்ந்தான். தயங்கினான்.

"சார்... யாருக்குக் குத்துனோம்னு ஓனருக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியாது. சீட்டில் உன் பேர் இருக்காது. மடித்துப் பெட்டியில் போட்டால் முடிந்தது."

"நெசமாவா?"

"நிஜமாக."

"அப்ப அந்த ஃபார்மைக் குடுங்க சார்."